'நேயர்களே' என்று விளிப்பது யார்?

வானொலிப் பேச்சின் ஒரு நாள் குறித்துச் சில குறிப்புகள்

1

ரேடியோ என்றதும் நம்மில் பலருக்கும் பாட்டுத்தான் ஞாபகம் வருகிறது. விவித பாரதி, இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்' என்று ஏக்கத்தோடு பேசிக்கொள்கிறோம். ஆனால் விடிகாலையிலிருந்து ராத்திரி வரை ரேடியோ பாடியிருக்கிற மாதிரியே பேசியும் இருக்கிறது: செய்தி, சிந்தனை, சந்தை நிலவரம், அணைகளின் நீர்மட்டம், பள்ளிப் பாடம், மகளிர் நிகழ்ச்சி, உழவர் நிகழ்ச்சி, நாடகம், உரைச்சித்திரம், பேட்டி. இந்தப் பேச்சுக்காக யாரும் ஏங்குவதில்லை. 'பேசுறான், திருப்பு' என்று குமிழைத் திருகிவிட்டுப் போயிருக்கிறோம். ஆனால் நாம் யார், எந்த நேரத்தில் என்னவாக இருக்க வேண்டும் என்பதைத் தினந்தோறும் நம் காதில் ஓதிக்கொண்டிருந்தது இந்தப் பேச்சுதான். அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பதே இந்தக் குறிப்புகளின் நோக்கம்.

வசதிக்காக ஓர் ஊரில் நின்றுகொண்டு பேசுவோம். வத்திராயிருப்பு வட்டாரத்து மகாராஜபுரம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். பிளவக்கல் அணைத் தண்ணீரை நம்பி நெல், தென்னை, மாந்தோப்புகள். தெற்கே ஸ்ரீவில்லிபுத்தூர், அதைத் தாண்டினால் ராஜபாளையத்துப் பஞ்சாலைகள்; கிழக்கே சிவகாசிப் பட்டாசு. மலைக்குள்ளே சதுரகிரி, பளியர் குடியிருப்புகள். இப்படி ஒரே வட்டாரத்தில் சம்சாரி, கூலி ஆள், மில் தொழிலாளி, தீப்பெட்டிப் பெண், மலைவாசி எல்லோரும் இருக்கிறார்கள். இந்தக் காதுகளுக்குக் குரல் வந்ததெல்லாம் வெளியிலிருந்து. சென்னை நிலையம் 1938இலும், திருச்சி 1939இலும், திருநெல்வேலி 1963இலும், மதுரை 1987இலும் வந்தன. டில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி. கடல் தாண்டிக் கொழும்பு. மகாராஜபுரம் கேட்கிற ஊர்; பேசுகிற ஊர் அல்ல. இது இயற்கையான ஏற்பாடு போலத் தோன்றுவதுதான் விஷயமே.

2

வானொலி நிலையத்தின் ஒரு நாள் மூன்று ஒலிபரப்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. காலையில் நிலைய முகப்பிசை, வந்தே மாதரம், மங்கல இசை, பக்திப் பாடல். பிறகு சில நிமிட நல்லுரை. மாநிலச் செய்தி, டில்லிச் செய்தி. நடுப்பகலில் பள்ளிகளுக்கான ஒலிபரப்பு, செய்தி, மகளிர் நிகழ்ச்சி. சாயங்காலம் 'இளைய பாரதம்', தொழிலாளர் நிகழ்ச்சி, பண்ணை இல்ல ஒலிபரப்பு, திரும்பவும் செய்தி. இரவில் இலக்கிய உரை, நாடகம், கச்சேரி. நிலையத்துக்கு நிலையம் நேரமும் பெயரும் கொஞ்சம் மாறும்; வரிசையின் தர்க்கம் மாறாது.

இந்தப் பட்டியலில் உள்ள விளிச் சொற்களை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். 'உழவர் பெருமக்களே', 'சகோதரிகளே', 'குழந்தைகளே', 'தொழிலாளத் தோழர்களே', 'இளைஞர்களே'. எல்லாவற்றுக்கும் மேலே 'நேயர்களே'. கேட்கிறவரைக் 'கேட்பவர்' என்று சொல்லவில்லை, 'நேயர்' என்றார்கள். நேயம் உள்ளவர், அன்போடு செவி சாய்ப்பவர். மறுத்துப் பேசுகிறவருக்கு அந்தச் சொல்லில் இடம் கிடையாது.

1970இல் வெளிவந்த கட்டுரை ஒன்றில் அல்துஸ்ஸர் ஓர் உதாரணம் சொல்கிறார். தெருவில் போலீஸ்காரன் 'ஏய், உன்னைத்தான்' என்று கூப்பிடுகிறான். கூப்பிட்ட மாத்திரத்தில் ஒருவன் திரும்பிப் பார்க்கிறான். திரும்பிய அந்தக் கணத்திலேயே அவன் அரசுக்கு உட்பட்ட ஒரு தன்னிலையாக ஆகிவிடுகிறான். கருத்தியல் இப்படித்தான் வேலை செய்கிறது, நம்மைப் பெயர் சொல்லி அழைத்து அழைத்து அந்தப் பெயராகவே ஆக்கிவிடுகிறது என்கிறார். போலீஸ்காரன் அதட்டிக் கூப்பிட்டான். வானொலி அன்பாகக் கூப்பிட்டது. ஆகவே அது கூப்பிடுவதாகவே நமக்குத் தோன்றவில்லை.

3

இப்போது அந்த அட்டவணையை மகாராஜபுரத்து வயல்காட்டுக்குக் கொண்டுபோவோம். நாற்று நடுகிறவள் பெண். களை பறிக்கிறவள், கதிர் அறுக்கிறவள் பெண். வானொலிக்கு இவள் யார்? மகளிர் நிகழ்ச்சி நடுப்பகலில் வருகிறது. சமையல் குறிப்பு, குழந்தை வளர்ப்பு, கைவேலை, வீட்டு வைத்தியம். அந்த நேரம் அவள் இடுப்பளவு குனிந்து சேற்றில் நிற்கிறாள். சாயங்காலம் உழவர் நிகழ்ச்சி. அதில் பேசப்படுகிற 'உழவர்' நிலமுள்ள ஆண். விதை வாங்குகிறவர், உரம் போடுகிறவர், கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்குகிறவர். அந்த நேரம் இவள் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கிறாள். 'மகளிர்' என்ற பெட்டியிலும் இவள் இல்லை, 'உழவர்' என்ற பெட்டியிலும் இல்லை. விவசாய வேலையில் பெரும்பகுதியைச் செய்கிற ஆளுக்கு அட்டவணையில் நேரமே கிடையாது.

இது அதிகாரிகள் யாரோ சதி செய்து வைத்த ஏற்பாடு என்று சொல்ல வரவில்லை. நிலையத்தில் இருந்தவர்களில் பலரும் நல்ல மனிதர்கள், படித்தவர்கள். தி. ஜானகிராமன் கல்வி ஒலிபரப்பில் வேலை பார்த்தவர். அகிலன் சென்னை நிலையத்தில் இருந்தார். பிரச்சினை தனிமனிதர்களிடம் இல்லை. மத்தியானம் வீட்டில் ஓய்ந்து உட்காரும் பெண், சாயங்காலம் திண்ணையில் சாய்ந்திருக்கும் சம்சாரி, ராத்திரி ஈஸிசேரில் கிடந்து இலக்கிய உரை கேட்கும் வாத்தியார்: இப்படி ஒரு குடும்பத்தைக் கற்பித்துக்கொண்டு, அதன் கடிகாரத்தை எல்லோருடைய கடிகாரமாகவும் ஆக்கியதில் இருக்கிறது. அந்தக் கடிகாரத்துக்கு வர்க்கம் உண்டு, சாதியும் உண்டு. தபால் ஆபீசில் வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டி ரேடியோ வைத்துக்கொள்ள வேண்டியிருந்த காலம் ஒன்று இருந்தது. வீட்டில் பெட்டி இல்லாதவர்களுக்குப் பஞ்சாயத்து ரேடியோ. ஊர், சேரி என்று பிரிந்து கிடக்கிற கிராமத்தில் அந்த ஒரே பெட்டி எந்தப் பக்கம் நிற்கும் என்று சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை.

தொழிலாளர் நிகழ்ச்சியும் இதே கதைதான். சேமிப்பு, சுகாதாரம், பாதுகாப்பு விதிகள் என்று தொழிலாளிக்குப் புத்தி சொல்லப்படும். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் செத்துப்போனார்கள். இது மாதிரியான சாவுகள் செய்தியில் எண்ணிக்கையாக வரும். மருந்து கலக்கிறவர் தன் வேலையைப் பற்றித் தன் வாயால், அரைமணி நேரம், இடைமறிப்பு இல்லாமல் பேசுவதற்கு ஒரு நிகழ்ச்சி வேண்டுமே, அது எந்தத் தலைப்பின் கீழ் வரும்? 'தொழிலாளர்' என்ற தலைப்பின் கீழ் வராது. அது தொழிலாளியிடம் பேசுகிற நிகழ்ச்சி. தொழிலாளி பேசுகிற நிகழ்ச்சி அல்ல.

4

அடுத்தது மொழி. வானொலிப் பேச்சு என்பது உண்மையில் பேச்சே அல்ல, எழுதிப் படித்தது. உரை நிகழ்த்த அழைக்கப்படுகிறவர் பிரதியை முன்கூட்டியே கொடுக்க வேண்டும். நிலையம் பார்க்கும், வெட்டும், பிறகு ஒலிப்பதிவு. எதைச் சொல்லக்கூடாது என்பதற்கு ஒலிபரப்பு நெறிமுறை என்று ஒரு பட்டியல் உண்டு: நட்பு நாடுகளை விமர்சிக்கக் கூடாது, எந்தக் கட்சியையும் பெயர் சொல்லித் தாக்கக் கூடாது, மத்திய மாநில அரசுகளைக் கடுமையாக விமர்சிக்கக் கூடாது, மதங்களையும் வகுப்பினரையும் தாக்கக் கூடாது. நாலாவது நியாயம்தானே என்று தோன்றும். ஆனால் சாதியை விமர்சிப்பதையும் 'வகுப்பினரைத் தாக்குதல்' என்று வாசித்துவிட முடியும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதன் விளைவாக ஒரு வானொலித் தமிழ் உருவானது. ஊர் இல்லாத, சாதி தெரியாத, இடுப்பில் துண்டு கட்டாத தமிழ். ஊர் வாடை அடிக்கிற பேச்சுக்கு மூன்று இடங்கள் மட்டும் ஒதுக்கப்பட்டன: உழவர் நிகழ்ச்சி, நாடகம், நகைச்சுவை. உழவர் நிகழ்ச்சியில் அண்ணாச்சியும் தம்பியும் பேசிக்கொள்வார்கள். 'என்ன அண்ணாச்சி, பயிர் மஞ்சளாப் போச்சே' என்று ஒருவர் கேட்பார். 'யூரியா போடுப்பா' என்று மற்றவர் சொல்வார். கேள்வி நம் வழக்கில் இருக்கும், பதில் இலாகாவுடையது.

கொழும்பிலும் இது வேறு விதத்தில் நடந்தது. எஸ். ராமதாஸ் எழுதிய 'கோமாளிகள் கும்மாளம்' என்ற தொடர் இலங்கை வானொலியில் 70களில் பிரபலம். யாழ்ப்பாணத்துப் பேச்சு, முஸ்லிம்களின் பேச்சு, ஐயர் பேச்சு, சிங்களம் கலந்த பேச்சு என்று நாலு தமிழும் அதில் ஒரே வீட்டுக்குள் மோதிக்கொண்டன. 1976இல் படமாகவும் வந்தது. வட்டார வழக்கு ஒலிவாங்கிக்குள் நுழைய வேண்டுமானால் சிரிக்க வைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதே குரல் அடுத்த அரைமணியில் செய்தி வாசிக்க வராது.

இந்தச் சுவரில் ஓர் ஓட்டை போட்டவர் என்று தென்கச்சி கோ. சுவாமிநாதனைச் சொல்லலாம். விவசாயம் படித்தவர், திருநெல்வேலி நிலையத்தில் பண்ணை நிகழ்ச்சிகளில் தொடங்கிச் சென்னைக்குப் போனவர். 1988இல் தொடங்கிய 'இன்று ஒரு தகவல்' மூலமாக உழவர் நிகழ்ச்சியின் பேச்சுத் தொனியைக் காலை நேரத்து நல்லுரைக்குள் கொண்டுவந்து வைத்தார். அதுவரை உபதேசமாக இருந்த இடம் கதை சொல்லலாக மாறியது. டீக்கடையில் நின்று கேட்டார்கள். 2009இல் அவர் இறந்தபோது ஜனங்கள் தங்கள் வீட்டு ஆளை இழந்தது போலப் பேசினார்கள். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அங்கேயும் பேச்சு வழக்குக்குத்தான் அனுமதி கிடைத்தது. பேச்சில் வரும் சண்டைக்கு அல்ல. எந்த நாக்கில் பேசுவது என்பது ஒரு கேள்வி. எதைப் பேசுவது, எந்த நேரத்தில், யார் தீர்மானித்து என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்குக் கொடுக்கப்படுகிற சலுகை இரண்டாவது கேள்வியை மூடி மறைக்கவும் பயன்படும்.

5

இதற்குத் தமிழ்நாட்டில் மிகத் தெளிவான சாட்சி காவிரி டெல்டாவில் இருக்கிறது. 60களில் தஞ்சாவூர் ஜில்லாவில் தீவிர வேளாண்மைத் திட்டம் நடந்தது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால நெல்லைத் திருச்சி வானொலி நிலையம் விடாமல் பேசிப் பேசிப் பரப்பியது. ஜனங்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வளர்ச்சிக்கான தகவல் தொடர்பு பற்றிப் பாடம் எடுக்கிறவர்கள் இந்த உதாரணத்தை விடுவதே இல்லை. உண்மையிலேயே பெரிய சாதனைதான். பேச்சு வேலை செய்யும் என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

அதே டெல்டாவில், அதே ஆண்டுகளில், நெல் கூடியது, கூலி கூடவில்லை. கூலி உயர்வு கேட்டுச் சங்கம் வைத்தவர்களின் ஊரில், 1968 டிசம்பர் 25 ராத்திரி, கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், தலித்துகள். வானொலி இதற்குக் காரணம் என்று சொன்னால் அது அபத்தம். நாம் கேட்பது வேறு. விதை, உரம், பூச்சிமருந்து, தண்ணீர் எல்லாவற்றையும் விவசாயத்தின் பகுதியாகக் கருதிய அந்த ஒலிபரப்பு, கூலியை மட்டும் ஏன் விவசாயத்தின் பகுதியாகக் கருதவில்லை? ரேடியோ நெல் இருந்தது; ரேடியோ கூலி இல்லை. கூலி 'பிரச்சினை' ஆயிற்றே, அது செய்தி இலாகாவுக்குப் போய்விடும். செய்தியில் அது 'சட்டம் ஒழுங்கு' ஆகிவிடும். ஒரு நாளை இப்படித் துண்டு போடுவதன் அரசியல் இங்கேதான் முழுசாகத் தெரிகிறது.

வெள்ளைக்காரன் நாட்டிலும் இதற்கு இணை உண்டு. பி.பி.சி.யின் 'தி ஆர்ச்சர்ஸ்' என்ற கிராமத்துத் தொடர் நாடகம் 1951 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க ஒலிக்கிறது, இன்னும் முடியவில்லை. போருக்குப் பிந்திய உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் உற்பத்தியைப் பெருக்க விவசாய அமைச்சகத்தின் ஆலோசனையோடு ஆரம்பிக்கப்பட்டது அது. பாத்திரங்களின் வாய் வழியாக இலாகாவின் பேச்சு. நம்ம ஊர் அண்ணாச்சியும் தம்பியும் தனியாள்கள் இல்லை.

6

எதிர்ப்பேச்சுக்கு இடமே இருக்கவில்லையா? இருந்தது. 1956இல் யுனெஸ்கோ உதவியோடு அன்றைய பம்பாய் மாகாணத்தில் புனேயைச் சுற்றி 5 மாவட்டங்களின் 150 கிராமங்களில் ஒரு சோதனை நடந்தது. கிராமத்துக்கு ஒரு வானொலிக் கேட்போர் குழு. வாரம் இரண்டு நிகழ்ச்சி, பத்து வாரம். கேட்டு முடித்ததும் குழு உட்கார்ந்து விவாதிக்கும். கேள்வியையும் மறுப்பையும் நிலையத்துக்கு எழுதி அனுப்பும். நிலையம் பதில் சொல்லும். கனடா நாட்டு விவசாயிகளின் வானொலி மன்றங்களைப் பார்த்து எடுத்துக்கொண்ட வடிவம் இது. சும்மா கேட்ட ஊர்களைவிடக் கூடிப் பேசிய ஊர்கள் வெகுவாகக் கற்றுக்கொண்டன என்பது சோதனையின் முடிவு. பிறகு நாடு முழுக்க விரித்தார்கள், காலப்போக்கில் தேய்ந்துபோயிற்று. விதையும் யூரியாவும் தங்கின, விவாதம் தங்கவில்லை.

பிரெக்ட் 1932இல் இதைத்தான் கேட்டார். வானொலி ஒரு பக்கமாக விநியோகிக்கிற கருவியாக இருக்கிறது. அதைப் பரிமாறிக்கொள்கிற கருவியாக மாற்ற வேண்டும். கேட்பவனைப் பேசவும் வைக்க வேண்டும் என்றார். தொழில்நுட்பம் தடையில்லை, சமூக ஏற்பாடுதான் தடை என்பது அவர் வாதம்.

கேட்கிறவர்களும் சும்மா இருந்துவிடவில்லை. அல்ஜீரியாவில் பிரெஞ்சுக்காரனின் குரல் என்று ரேடியோவை வீட்டுக்குள் விடாதிருந்த ஜனங்கள், 1956இல் போராளிகளின் வானொலி வந்ததும் ஓடி ஓடிப் பெட்டி வாங்கியதையும், அரசு உண்டாக்கிய இரைச்சலுக்கு நடுவே பாதி கேட்டு மீதியைத் தாங்களே இட்டு நிரப்பிக்கொண்டதையும் ஃபனான் எழுதியிருக்கிறார். 80களில் ஈழத்துச் செய்திக்காக நம்மவர்கள் ராத்திரியில் சிற்றலையைத் திருகிப் பி.பி.சி. தமிழோசையைத் தேடியதும் அதே சுபாவம்தான். குமிழைத் திருகுவதும் ஒரு விமர்சனம். ஆனால் அதைக்கொண்டு ஒரு நிலையத்திலிருந்து இன்னொரு நிலையத்துக்குப் போகலாம். ஒலிவாங்கி பக்கம் போக முடியாது.

7

1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. 1997இல் பிரசார் பாரதி நடைமுறைக்கு வந்தது. தனியார் பண்பலைகள் வந்தன; பேச்சு அங்கே பாட்டுக்கு நடுவே அரட்டையாகச் சுருங்கியது. 2023 மே மாதம் 'ஆல் இந்தியா ரேடியோ' என்று சொல்லக்கூடாது, 'ஆகாஷ்வாணி' என்றே சொல்ல வேண்டும் என்று உத்தரவு. பெயர் சூட்டும் உரிமை யாரிடம் என்பதில் சந்தேகம் வரக்கூடாது பாருங்கள்.

நமக்கு முக்கியமானது சமூக வானொலி. 2004இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கி முதலில் கல்வி நிறுவனங்களுக்கும், 2006 கொள்கைக்குப் பிறகு பதிவு பெற்ற லாப நோக்கமற்ற அமைப்புகளுக்கும் கதவு திறந்தது. சின்ன டிரான்ஸ்மிட்டர், சுமார் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சுற்றளவு. தெலங்கானாவின் பஸ்தாபூரில் தலித் பெண்கள் நடத்தும் 'சங்கம் ரேடியோ' 2008 அக்டோபர் 15இல் ஒலிக்கத் தொடங்கியது. அதற்குப் பத்து வருஷம் முன்பே அவர்களிடம் ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது, உரிமம்தான் இல்லை. பதிவு செய்த கேசட்டுகளைச் சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நம் பக்கம் பாம்பனில் மீனவர்களுக்கான 'கடல் ஓசை' 2016இலிருந்து இருக்கிறது.

அந்தக் கொள்கையை ஊன்றிப் படித்தால் சுவாரஸ்யமான ஓர் இடம் வரும். நிகழ்ச்சிகள் முடிந்தவரை உள்ளூர் மொழியிலும் வட்டார வழக்கிலும் இருக்க வேண்டும், பாதிக்குக் குறையாமல் உள்ளூர் மக்களின் பங்கேற்போடு தயாராக வேண்டும் என்கிறது. நல்லது. அதே கொள்கை, செய்தியும் நடப்பு அரசியலும் கூடாது என்கிறது. ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் அஞ்சல் செய்ய மட்டுமே வழி. வானிலை, தண்ணீர், மின்சாரம், தேர்வு முடிவு, திருவிழா, இயற்கைச் சேதம் பற்றிய அறிவிப்பெல்லாம் 'செய்தி அல்ல', ஆகவே சொல்லலாம். அண்ணாச்சி நிகழ்ச்சியின் தர்க்கமேதான் இங்கே சட்டமாக வந்திருக்கிறது. உன் நாக்கில் பேசிக்கோ, நடந்ததைப் பேசாதே.

மகாராஜபுரத்தில் ஒரு நிலையம் இருப்பதாக வைத்துக்கொண்டு அட்டவணை போட்டுப் பார்ப்போம். பிளவக்கல் நீர்மட்டம் சொல்லலாம். எந்த மடையை யார் திறந்தார், கடைமடைக்கு ஏன் தண்ணீர் வரவில்லை என்றால் தகராறு. சதுரகிரி ஓடையில் வெள்ளம் வருகிறது என்று எச்சரிக்கலாம். 2015இல் அங்கே பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டதை நினைத்தால் அது உயிர் காக்கிற பேச்சு. 2021இல் அந்த மலை புலிகள் காப்பகமானது. அதனால் பளியருக்கு என்ன ஆயிற்று என்று பளியர் ஒருவர் பேசினால் அது 'பண்பாடு' ஆகுமா, 'நடப்பு அரசியல்' ஆகுமா? நடவுக்கூலி இன்றைக்கு எந்த ஊரில் எவ்வளவு என்பது தேங்காய் விலை மாதிரி ஒரு சந்தை நிலவரம்தானே, அதை ஏன் காலையில் வாசிக்கக் கூடாது?

இந்தக் கடைசிக் கேள்வியைத் தோழர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தடையை நீக்கக் கோரி மனுப்போடுவது ஒரு வேலை, போட வேண்டும். அதோடு, அனுமதிக்கப்பட்ட தலைப்புகளின் பெயரிலேயே எதையெல்லாம் பேச முடியும் என்று நிகழ்ச்சி நிகழ்ச்சியாக யோசிப்பதும் வேலைதான். கூலி நிலவரம், உழைக்கிற பெண் வீடு திரும்பி உட்காரும் ராத்திரி எட்டரை மணிக்கு 'மகளிர் நிகழ்ச்சி', தொழிலாளியே நடத்தும் தொழிலாளர் அரைமணி, ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பின்னும் கேட்போர் மறுத்துப் பேசுவதற்குப் பத்து நிமிடம். வட்டார வழக்கில் பேச அனுமதி கிடைத்ததையே விடுதலை என்று கொண்டாடிவிட்டு ஓய்ந்துவிட்டால், அட்டவணை பழையபடி இலாகாவின் கையிலேயே இருக்கும். அட்டவணையைப் போடுகிற கை நம்முடையதாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.